இன்னொரு காய் போடட்டுமா?

தம்பி, இப்போது உங்கள் போனில் ஏதோ படத்தின் மேல் விரல் வைத்தீர்கள், ஒரு சின்ன இதயம் புடைத்துத் துள்ளி அடங்கியது, பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். பொள்ளாச்சி பஸ்ஸில் அதெல்லாம் தப்பில் சேராதுங்க. நான் கேட்பது வேறு. அந்த இதயம் ஏன் துள்ளியது? தானாகவா? ஒருத்தி நாள் முழுக்க உட்கார்ந்து அதைத் துள்ள வைத்திருக்கிறாள். முதலில் கொஞ்சம் சுருங்கணும். அப்புறம் புடைக்கணும். இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே புடைத்து, பிறகு அளவுக்கு வந்து நிற்கணும். அந்த அதிகப்படியில்தான் உயிர் இருக்கிறதாம். அது இல்லாவிட்டால் வெறும் படம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? என் மகள் தாரணிக்கு அதுதான் வேலை. கோயமுத்தூரில் இருக்கிறாள். போனுக்குள் இருக்கிற பொத்தானை அழுத்தினால் அது அமுங்கணும், துள்ளணும், விரலோடு விளையாடணும்; அதையெல்லாம் வரைந்து ஆட வைக்கிறவள். அவளைப் பார்க்கத்தான் போகிறேன். பார்க்க என்றால், நியாயம் கேட்க. பெற்ற அப்பனை ஒரு போனுக்குள் ஏற்றி வைத்து ஊரெல்லாம் சிரிக்க விட்டாள். இப்போது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாள். கேட்க வேண்டாமா?

நான் யார் என்று சொல்லவில்லையே. நாட்ராயன். தேங்காய்த் தரகு. இப்போது தொழிலை விட்டுவிட்டேன். நாட்ராயன் என்று கேட்டால் மண்டியில் தெரியும். புளுகு நாட்ராயன் என்று கேட்டால் பாலக்காடு வரைக்கும் தெரியும். நான் சொல்வதெல்லாம் நடந்த கதைதான். பொறாமைக்காரர்கள் வைத்த பேர் அது.

உதாரணத்துக்கு அந்த மரம். எங்கள் தோட்டம் கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், கேரள எல்லையோடு ஒட்டிய வரப்பு. வரப்பில் ஒரு தென்னை. வேர் நம்ம பக்கம், மரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. காய் விழுந்தால் கேரளாவில் விழும். அந்தத் தோட்டத்துக்காரர் எடுத்துக்கொள்வார். நான் மனு கொடுத்தேன். ரெண்டு மாநிலத்து அதிகாரிகளும் வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காய் எந்த மாநிலத்துக் காற்றுக்கு விழுகிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லணுமாம். காய் விழவே இல்லை. என்னடா என்று அண்ணாந்து பார்த்தால், அத்தனை அதிகாரிகளைக் கண்டதும் மரம் மரியாதைக்கு நிமிர்ந்து நிற்கிறது! அன்றிலிருந்து அது சாயும்போதெல்லாம் வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருத்தரைக் கூட்டிப் போய் அடியில் உட்கார வைத்துவிடுவேன். நீங்கள் கூட வெள்ளைச் சட்டைதான். ஒரு நாள் வாங்களேன்.

சிரிக்கிறீர்கள். தாரணியும் ஒரு காலத்தில் சிரிப்பாள். போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், "அப்பா, அந்த மரக் கதையை இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து என்னைப் படம் பிடித்துக்கொண்டாள். நானும் கூடுதலாக ஒரு கலெக்டரையே மரத்தடிக்கு வரவழைத்துச் சொன்னேன். முடிந்ததும் அதை மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.

"பாருங்கப்பா. பொய் வர்றதுக்கு முன்னால துண்டை ஒரு உதறு. அப்புறம் எடது புருவம் மேல போகுது. அதுக்கப்புறந்தான் வாய் தொறக்குது. பெரிய பொய்யா இருந்தா ரெண்டு உதறு."

"அது கொசு, அம்மிணி."

"கலெக்டர் வர்றப்ப மட்டும் கடிக்குதா?"

அவள் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறதுங்க. பொம்மை குதிப்பதற்கு முன்னால் கொஞ்சம் குனியணும். குனியாமல் குதித்தால் பார்க்கிறவன் கண் நம்பாது. எனக்குக் கேட்டதும் சிலிர்த்துவிட்டது. பொய்க்கும் அதே சட்டம்தானே! துண்டை உதறாமல் சொன்னால் எவன் நம்புவான்? அப்பன் தொழில்தான் மகளுக்கும் வந்திருக்கிறது. அவளிடம் சொன்னேன். அவள் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

ரத்தப் பரிசோதனை செய்கிற கம்பெனி ஒன்று, பேர் எதற்கு, அவளுடைய ஆபீசில் வேலை கொடுத்திருந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஜனங்கள் ரிசல்ட் வருகிற வரைக்கும் போனை மறுபடி மறுபடி திறந்து பார்த்துப் பயப்படுகிறார்களாம். பயம் தெரியாமல் இருக்க விளையாட்டாக ஏதாவது வேண்டும். என் மகள் என்னையே வரைந்துவிட்டாள். சாண் உயரம்கூட இல்லை. வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு, என் மூக்கு. போனைத் திறந்தால் நான் தென்னை மரம் ஏறிக்கொண்டிருப்பேன். இடுப்பில் சுண்டினால் கூச்சம் தாங்காமல் நெளிவேன். துண்டைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வழுக்கி வந்து, இழுத்த விரலை முறைத்துவிட்டு மறுபடி ஏறுவேன். போனைச் சாய்த்தால் மரமும் சாயும், நான் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்துவேன். ரிசல்ட் நல்லபடியாக வந்துவிட்டால், உச்சியில் காயைப் பறித்து உடைப்பேன். தண்ணீர் கண்ணாடி முழுக்கத் தெறித்து வழியும். எங்கள் வீதியில் ஒரு அம்மா முந்தானையை எடுத்துப் போனைத் துடைத்தே விட்டார்கள். இது நிஜம். துண்டு தோளில்தானே இருக்கிறது, பாருங்க.

கிணத்துக்கடவா வந்துவிட்டது? ரெண்டு பேர் ஏறுகிறார்கள். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்க.

எங்கே விட்டேன்? ஆமாம், ரிசல்ட் கெட்டதாக இருந்தால். அங்கேதான் வந்தது வினை.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லணும், இல்லையென்றால் என் மகளைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். கெட்ட சேதி அவள் மேல் பட்டதே இல்லை. நான் பட விட்டதில்லை. அவள் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் பன்னிரெண்டாவது படிக்கும்போது அவள் அம்மா, என் வீட்டுக்காரி ருக்மணி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பரிச்சை நேரம். மகள் தினமும் சாயங்காலம் ஹாஸ்டல் போனில் கூப்பிடுவாள். "அம்மாகிட்ட குடுங்கப்பா." எப்படிக் கொடுப்பது? மூக்கில் குழாய். நான் சொன்னேன், "உங்கம்மா டாப்சிலிப்புல யானை பாக்கப் போனா, அம்மிணி. அந்த யானை அவ போனைத் தும்பிக்கையில வாங்கிட்டுக் குடுக்க மாட்டேங்குது. உங்கம்மாளும் வாங்காம வர மாட்டேன்னு அங்கயே உக்காந்துட்டா." மறுநாள் யானை அந்தப் போனில் பாகன் வீட்டுக்குப் பேசியது. அதற்கு மறுநாள் உள்துறை அமைச்சருக்கே பேசிவிட்டது. அவள் அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் கேட்கும். கணக்குப் பரிச்சைக்கு முந்தின நாள் ருக்மணி போய்விட்டாள். அன்றைக்கும் யானை பேசியது. அன்றைக்குத்தான் என்ன பேசியது என்று எனக்கே சரியாக நினைவில்லை. நல்ல கதைதான், அவள் அத்தனை சிரித்தாள்.

கணக்கில் எவ்வளவு தெரியுமா? இருநூற்றுக்கு இருநூறு! சொல்லுங்க, எந்த அப்பன் செய்வான்?

கடைசிப் பரிச்சை முடிந்து நானே போய்க் கூட்டி வந்தேன். வழியெல்லாம் யானைதான். வீட்டில் நடையில் மாலை போட்ட படம் இருந்தது. அவள் அழவே இல்லைங்க. ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அந்த யானைக்குப் பேரு என்னங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுகூடக் கதையில்தான் புத்தி. "பூங்காவனம்," என்றேன். அப்படித் தைரியமாக வளர்த்த பிள்ளை.

சரி, வினைக்கு வருகிறேன். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செய்த பொருளை வெளியே விடுவதற்கு முன்னால், அதைத் தெரியாத ஆட்கள் சிலரைக் கூப்பிட்டு, கையில் போனைக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பார்கள். எங்கே விரல் போகிறது, எங்கே முழிக்கிறான். உண்மையைச் சொல்லணும், அவ்வளவுதான். வயசானவர்கள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். தாரணிக்கு இஷ்டமில்லை. அவளுக்கு மேலே இருக்கிற ஜெயசீலன் என்கிற மனுசரிடம், என் காது கேட்கவே சொன்னாள், "சார், எங்கப்பா வேண்டாம். முகத்துல ஒன்னு, வாயில ஒன்னு. அவரை வெச்சுப் பாத்தா நமக்கு உண்மை கெடைக்காது."

ஜெயசீலன் தங்கமான மனுசர். "என்னம்மா, பொம்மையே அவருதானே! ஐயா வராம எப்படி?" என்றார்.

நடுவில் கண்ணாடி அறை, குளிர் தாங்கவில்லை. சுற்றிலும் ஆட்கள். நல்ல ரிசல்ட் பார்த்தேன், தண்ணீர் தெறித்தது, கைதட்டினேன். அடுத்து கெட்ட ரிசல்ட்டைக் காட்டினார்கள். போனுக்குள் நான் மரத்திலிருந்து மெதுவாக இறங்குகிறேன். கையில் காய் இல்லை. தோளிலிருந்து துண்டை எடுக்கிறேன். உதறுவேன் என்று பார்த்தால் உதறவில்லை. தரையில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, போனைப் பிடித்திருக்கிறவனை நேராகப் பார்க்கிறேன். "டாக்டரைப் போய்ப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க," என்கிறேன். அவ்வளவுதான். சுண்டினேன், நெளியவில்லை. இழுத்தேன், வழுக்கவில்லை. கல் மாதிரி உட்கார்ந்து என்னையே பார்க்கிறான்.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல.

"இதென்ன அம்மிணி, எழவு வீட்டுக்கு வந்தவனாட்ட உக்காந்திருக்கான்? நான் எந்தக் காலத்துல இப்படி உக்காந்தேன்?"

அவள் கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தாள். "நீங்க உக்கார மாட்டீங்கப்பா. தெரியும். அது ஒன்னு மட்டும் உங்களைப் பாத்து வரையல."

ஒரு சபையில் அப்படி அமைதி வந்துவிட்டால் அதைக் கலைப்பது யார் பொறுப்பு? என் பொறுப்பு. ஜெயசீலனும் சமயத்துக்குக் கேட்டார், "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கய்யா?"

துண்டை எடுத்தேன். "நானா? மரத்துல இருந்து எறங்கவே மாட்டேன். அங்கிருந்தே கீழ எட்டிப் பாத்து, 'இன்னொரு காய் போடட்டுமா?'ன்னு கேப்பேன். அவன் போடுங்கம்பான். போடுவேன். அதைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொன்னு. வயிறு நெறைஞ்சவனுக்குப் பயம் ஏதுங்க?" என்று தொடங்கி, இளநீர் குடித்தே மரணத்தை ஒரு மாசம் தள்ளிப்போட்ட என் பெரியப்பன் கதையைச் சொன்னேன். எமன் வாசலில் காத்திருந்து தாகமாகி, ஒரு காய் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போன கதை. அறையே உருண்டது. ஜெயசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா சொல்றதுதான் சரி. நாம எதுக்கு ஜனங்களைப் பயமுறுத்தணும்? மரத்துக்குக் கீழ சின்னதா, டாக்டரை அணுகவும்னு எழுதிருவோம்."

தாரணி மட்டும் விடவில்லை. "சார், ஆடுறது ஒன்னு இருக்கறப்ப ஆடாததை யாரும் படிக்க மாட்டாங்க. கண்ணு ஆடுறதுகிட்டதான் போகும். நம்ம தொழிலே அதை நம்பித்தானே இருக்கு?" யார் காதில் விழும்? எல்லாரும் இன்னும் எமனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த உட்கார்ந்த பொம்மையை எடுத்துவிட்டார்கள். நான் சொன்னதுதான் நடந்தது. படிப்பு நாலாம் வகுப்பு, கண்ணாடி அறையில் ஜெயித்துவிட்டு வந்தேன். பஸ் ஏற்றிவிட வந்த மகளிடம், "பாத்தியா, சபையை எப்படி மடக்கினேன்!" என்றேன்.

"எப்பவும் நீங்கதானே ஜெயிக்கறீங்க. உங்க மரம் மாதிரிதாங்கப்பா. வேர் உங்க பக்கம் இருக்கு. காயெல்லாம் எம்மேல விழுது."

பாராட்டுதானே அது? மரக் கதையை அவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள்.

அப்புறம் என் சிநேகிதன் திருமூர்த்தி. சின்ன வயசிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள் நாங்கள், அவனுக்கும் தேங்காய் யாவாரம்தான். கால் கொஞ்சம் வீங்குகிறது என்று ரத்தம் கொடுத்தான். அந்தக் கம்பெனியிலேயே கொடுத்தான், என் முகத்தைப் பார்க்கலாமே என்று! டீக்கடையில் வைத்துப் போனைத் திறந்தான். நான் மரத்தில் ஏறி எட்டிப் பார்த்து, "இன்னொரு காய் போடட்டுமா?" என்றேன். டீக்கடையே ஆர்ப்பரித்தது. போடு என்றான். போட்டேன். மறுபடி கேட்டேன். யார் விரலுக்கு அதிகக் காய் விழுகிறது என்று பந்தயமே நடந்தது. அவன் பேரன் பேத்தியெல்லாம் விளையாடினார்கள். தினமும் காலையில், "நாட்ராயா, இன்னிக்கும் நீ எறங்க மாட்டீங்கறயேடா," என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மரத்துக்கு அடியில் எழுத்து இருந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஒரு நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, தூக்கிக்கொண்டு போனார்கள். ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. முதலிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தானே சொல்வார்கள்? இப்போது எந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடுகிறார்கள், வாரா வாரம். பார்க்கப் போனேன். வழக்கம்போல ஒரு கதையோடு போனேன். கையில் ஊசி, ஊசியில் குழாய், அவன் ரத்தமே வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. பாதிக் கதையில் என் கையைப் பிடித்தான்.

"உன்ற மூஞ்சி சிரிச்சிட்டே இருந்துச்சுடா. சிரிக்கற மூஞ்சியை நம்பாம நான் வேற எதைப் பாக்கட்டும்?"

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் எனக்கு... சரி, விடுங்க. நான் என்னங்க செய்ய முடியும்? வரைந்தது நானா? போனில் போட்டது நானா?

ஆனால் அவள் செய்தது தெரியுமா? விசயம் கேள்விப்பட்டதும் அடுத்த பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்குக்கூட வராமல் நேராக ஆஸ்பத்திரி, நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மாமா, அந்தப் பொம்மை நான் செஞ்சது. உங்களுக்கு நேராச் சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பாயிருச்சு," என்றாள். ஒரு சின்னக் கதைகூட இல்லை. பக்கத்துக் கட்டில்காரனெல்லாம் திரும்பிப் பார்க்கிறான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கமாகப் போய்விட்டது, இப்படியா போட்டு உடைப்பது என்று. திருமூர்த்தி அவள் தலையில் கை வைத்தான். அதற்கப்புறம் அவன் அழுதான். சொல்லாமல் இருந்திருந்தால் அவன் அழுதிருக்க மாட்டான், இல்லையா?

கோயமுத்தூர் போனதும் ஆபீசில் சண்டை. "ஒன்னு அந்தப் பொம்மை கீழ எறங்கி உக்காரணும். இல்ல, பொம்மையே வேண்டாம்." அவர்கள் பொம்மையே வேண்டாம் என்றார்கள். அவள் கையாலேயே என்னை எடுத்துவிட்டாள். இப்போது அதைத் திறந்தால் ஒரு வெள்ளைத் திரை, ஒரு வட்டம் சுற்றும், அப்புறம் எழுத்து. குருடனுக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்து. உயிரே இல்லை. இதைத்தான் கேட்கப் போகிறேன். ஒருத்தன் படிக்காமல் விட்டதற்கு என்னை ஏன் எடுக்கணும்?

ஒத்தக்கால்மண்டபம் தாண்டிவிட்டோமா? இந்த டிரைவர் என்ன இத்தனை வேகமாக ஓட்டுகிறார்! மெதுவாகத்தான் போனால் என்ன?

என் போனில் அந்தப் பொம்மைப் பயல் இன்னும் இருக்கிறான், தெரியுமா? புதுசாக மாற்றிக்கொள்கிறாயா என்று போன் தினமும் கேட்கும். வேண்டாம் என்று அழுத்திவிடுவேன். பழசையே வைத்திருக்கிறேன். இருங்க, காட்டுகிறேன்.

இது என் ரத்தம்தான். திருமூர்த்தி சம்சாரம் தெய்வாத்தாள் விடவில்லை. "அண்ணா, நீங்களும் ஒருக்காக் குடுத்துப் பாத்துருங்க. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது, அது மேல துண்டை இறுக்கிக் கட்டிட்டுத் திரியறீங்க," என்று அவளே கூட வந்து கொடுக்க வைத்தாள். வயசானால் உடம்பு இளைக்கத்தானே செய்யும்? தாரணிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பெண்கள் வாய்.

இதோ பாருங்க, ஏறுகிறேன். சுண்டுங்க. சும்மா சுண்டுங்க, வலிக்காது. பார்த்தீர்களா நெளிவதை! துண்டை இழுங்க. ஹஹ, உங்களை முறைக்கிறேன். இப்போது உச்சிக்குப் போய்விட்டேன். எட்டிப் பார்க்கிறேன். கேட்டதா? "இன்னொரு காய் போடட்டுமா?" என் குரலேதான். ரத்தம் கொடுத்த மறுநாளிலிருந்து எப்போது திறந்தாலும் இதையேதான் கேட்கிறான். இறங்க மாட்டேன் என்கிறான். என் மேல் அவனுக்கு அத்தனை பிரியம்.

கீழேயா? ஆமாம், ஏதோ எழுத்து இருக்கிறது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். இல்லை, சட்டைப் பையில் இருப்பது வேறு கண்ணாடி. அது தூரத்துக்கு. படிக்க வேண்டாம், தம்பி. வேண்டாம் என்கிறேனே.

ஏன் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள்?

இந்தப் போன் கெட்டுப்போயிருக்கலாம், இல்லையா? பழசு அது. பழசாகிவிட்டால் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

இருங்க, போன் அடிக்கிறது. அவள்தான். நூறு ஆயுசு.

"சொல்லு அம்மிணி... ஈச்சனாரி வந்துட்டேன்... ஆமா, உக்காந்துதான் வர்றேன், ஜன்னல் சீட்டு... பாத்துட்டேனே! இப்பத்தான் பாத்தேன். நல்ல ரிசல்ட்டு. தண்ணி தெறிச்சதுல சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, பக்கத்துல ஒரு தம்பி, வெள்ளைச் சட்டை, அவரும் தெப்பமா... என்ன?... இல்லையே... இல்ல அம்மிணி, அது காத்து... ஆமா. சரி. சரி, வெச்சர்றேன்."

போனில் எப்படித் தெரியும், தம்பி? "துண்டை ரெண்டு உதறு உதறுனீங்கப்பா, சத்தம் கேட்டுச்சு," என்கிறாள். என்னைப் பார்த்துப் பார்த்து வரைந்தவள். ஒரு அப்பனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

இன்னொன்றும் சொன்னாள். காலேஜ் சேர்ந்த பிறகு ஒரு லீவில் தனியாக டாப்சிலிப்புக்குப் போனாளாம். அங்கே பாகன்களிடம் போய், பூங்காவனம் எது என்று கேட்டாளாம். ஒவ்வொருத்தரிடமும் கேட்டாளாம். அப்படி ஒரு யானையே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எப்படி இருக்கும்? அது நான் விட்ட கதை என்று அவளுக்குத்தான் தெரியுமே! தெரிந்தும் ஏன் போய்க் கேட்டாள்? பன்னிரெண்டாவதில் இருநூறு வாங்கின பிள்ளைக்கு இது தெரியாதா?

இத்தனை வருசம் இதை என்னிடம் சொல்லவே இல்லை பாருங்க. இன்றைக்கு, பஸ்ஸில் வருகிறபோது சொல்கிறாள்.

"உக்கடத்துலயே நிக்கறேன். வந்ததும் ரிசல்ட்டை இங்கயே வெச்சுப் பாத்தர்லாம். வீட்டுக்கெல்லாம் வேண்டாம். ரெண்டு பேரும் உக்காந்து பாத்தர்லாம்ப்பா," என்கிறாள். உட்கார்ந்து என்று சொன்னதைக் கவனித்தீர்களா?

சுந்தராபுரம் போய்விட்டது. நியாயம் கேட்க வந்தவன் நான். என்னவெல்லாம் கேட்கணும் என்று வரிசையாக வைத்திருந்தேன். உங்களிடம் பேசி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன். புதுக் கதை ஒன்று இருக்கிறது, சொல்லட்டுமா? எமன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்து மாட்டிக்கொண்ட கதை. கண்டக்டர் அவனை... கண்டக்டர்... வேண்டாம், அது இன்னும் சரியாக வரவில்லை.

இதோ குளம். உக்கடம்தான்.

அங்கே பாருங்க. அந்தத் தூணுக்குப் பக்கம், சிமெண்டுப் பெஞ்சியில், நீலச் சுடிதார். அவள்தான். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் மட்டும் பஸ் வருகிற வழியையே நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சுண்டினாலும் நெளிய மாட்டாள் போல. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருக்கிறாள்.

இறங்குகிற அவசரத்தில் இருக்கிறீர்கள், தெரியும். எனக்கு ஒரே ஒரு உதவி. இந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா? அந்தப் பெஞ்சி வரைக்கும் வாங்க, போதும். தள்ளியே நில்லுங்க. கையில் இருந்தால் உதறிவிடுவேன்.